தும்பாவில் சாய்ந்த ராக்கெட்: விக்ரம் சாராபாயின் வாழ்க்கையில் ஒரு பிளஸ் 1 இயற்பியல் கணக்கு

எடை சுமார் 700 கிலோ. நீளம் சுமார் 8 மீட்டர். தூக்கிக்கொண்டிருந்த கிரேன் மக்கர் பண்ணுகிறது. பொழுது சாயப் போகிறது, பழுது பார்க்க நேரமில்லை. கையால்தான் தூக்கி வைக்க வேண்டும். எத்தனை பேர் வேண்டும்? யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

பிளஸ் 1 இயற்பியல் தேர்வில் வரும் ஐந்து மார்க் கேள்வி மாதிரி இருக்கிறதா? 1963 நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா கடற்கரையில் உண்மையிலேயே இந்தச் சிக்கல் வந்தது. கிரேனில் தொங்கியது இந்திய மண்ணிலிருந்து விண்ணுக்குப் போகவிருந்த முதல் ராக்கெட். அதற்கு வழி செய்தவர் விக்ரம் சாராபாய். அப்போது அவருக்கு வயது 44.

அவர் யார், ஏன் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார், அன்று மாலை என்ன நடந்தது என்று பார்ப்போம். கூடவே அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் போதும்.

மில் முதலாளி வீட்டுப் பிள்ளை

விக்ரம் சாராபாய் 1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால் சாராபாய், காலிகோ மில்ஸ் முதலாளி. அம்மா சரளாதேவி. பிள்ளைகளை வெளிப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டு வளாகத்திலேயே பள்ளி நடத்திய குடும்பம் அது.

குஜராத் கல்லூரிப் படிப்புக்குப் பிறகு கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் இந்தியா திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி.ராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். விண்வெளியிலிருந்து பூமிக்கு வந்துகொண்டே இருக்கும் காஸ்மிக் கதிர்கள்தான் அவருடைய ஆய்வுப் பொருள்.

1942இல் நடனக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனைத் திருமணம் செய்துகொண்டார். இந்தப் பெயர் உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம். சென்னை வழக்கறிஞர் சுப்பராம சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியின் மகள் அவர். நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லட்சுமியின் தங்கை.

போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போய் 1947இல் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தை, அதாவது பிஆர்எல்லை, தொடங்கினார். அதன் முதல் இயக்குநராக வந்தவர் பாலக்காட்டுக்காரரான கே.ஆர்.ராமநாதன். இளம் வயதில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பணியாற்றியவர். 28 வயது இளைஞர் தொடங்கிய ஆய்வகத்துக்கு, ராமனோடு வேலை பார்த்த மூத்த விஞ்ஞானி தலைமை ஏற்றார்.

ஏன் தும்பா? ஒரு காந்த ஊசி சொல்லும் பதில்

ஏவுதளத்துக்குக் கேரளக் கடற்கரையை ஏன் பார்த்தார்கள்? இதற்கான விடையிலும் ஒரு சமநிலைக் கணக்கு இருக்கிறது.

ஒரு காந்த ஊசியைச் சரியாக அதன் நடுப்புள்ளியில் தாங்கி, மேலும் கீழும் ஆடும்படி விடுங்க. சாதாரண இரும்பு ஊசியாக இருந்தால் கிடைமட்டமாக நின்றுவிடும். இரண்டு பக்க எடையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது, அவ்வளவுதான். காந்த ஊசி அப்படி நிற்காது. லண்டனில் வைத்தால் அதன் வட முனை சாய்ந்து கீழ்நோக்கிக் குத்தப் பார்க்கும். பூமியின் காந்தப்புலம் அங்கே தரைக்குள் சாய்ந்து இறங்குகிறது. அந்தப் புலத்தின் திசைக்கு வரும் வரை ஊசியின் மேல் ஒரு திருப்பும் விளைவு இருந்துகொண்டே இருக்கும். இதைத்தான் பாடப்புத்தகம் திருப்புவிசை என்கிறது. மெக்கானிக் ஷாப்பில் டார்க் என்பார்கள். ஐரோப்பாவுக்கான திசைகாட்டி ஊசி மட்டமாக நிற்க, தென் முனையில் சின்ன எடை ஒன்றைச் சேர்ப்பது வழக்கம்.

தெற்கே வர வர இந்தச் சாய்வு குறைந்துகொண்டே போகும். ஓரிடத்தில் ஊசி எந்த எடையும் சேர்க்காமலே மட்டமாக நின்றுவிடும். அந்த இடங்களை இணைக்கும் கோடுதான் காந்த நடுக்கோடு. 1960களில் அது தும்பாவை ஒட்டிப் போனது.

திருவனந்தபுரத்துக்கு இது புதிய விஷயம் இல்லை. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய வானாய்வகம் இந்த ஊரில் இருக்கிறது. ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1850களில் அங்கேயும், நம் பொதிகையான அகத்தியமலை உச்சியிலும் கருவிகளை வைத்துக் காந்தப்புலத்தை அளந்திருக்கிறார்.

காந்த நடுக்கோட்டின் மேலே, தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு மின்னோட்டம் ஆறு போல ஓடுகிறது. அதை ஆராய நேரில் போய்த்தான் அளக்க வேண்டும். பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோளுக்கு அது ரொம்பத் தாழ்வு. நடுவில் இருக்கும் அந்த இடத்துக்கு ஒரே வழி, மேலே போய்விட்டுக் கீழே விழும் சிறிய ஆய்வு ராக்கெட்.

பெரிய ராக்கெட் செய்யப் பணமில்லாத நாடு, சிறிய ராக்கெட்டை வைத்தே உலகத்துக்குத் தேவையான அறிவியலைச் செய்யக்கூடிய இடம் எது என்று தேடினால் தும்பாவில்தான் வந்து நிற்கும். சாராபாய் பிடித்த புள்ளி அதுதான்.

தேவாலயம், அலுவலகம் ஆனது

1962இல் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு சாராபாய் தலைமையில் அமைந்தது. தும்பாவில் சுமார் 600 ஏக்கர் கடலோர நிலம் தேர்வானது. ஆனால் அது காலி நிலம் இல்லை. மீனவர் ஊர். நடுவே புனித மரிய மகதலேனா தேவாலயம், பக்கத்தில் ஆயர் இல்லம், பள்ளிக்கூடம்.

சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைப் பார்த்துப் பேசினார். ஆயர் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் மக்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதித்தார்கள் என்பது அப்துல் கலாம் பின்னாளில் பல மேடைகளில் சொன்ன கதை. தேவாலயம் அலுவலகமாகவும், ராக்கெட் பாகங்களைப் பொருத்தும் இடமாகவும் மாறியது. மீனவக் குடும்பங்கள் வேறு இடத்துக்கு நகர்ந்தன.

இந்த வரியை வேகமாகக் கடந்துவிட வேண்டாம். கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

அன்று மாலை நடந்தது

முதல் ராக்கெட் இந்தியா செய்தது அல்ல. அமெரிக்காவின் நாசா கொடுத்த நைக்-அப்பாச்சி. உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. நாசாவில் பயிற்சி முடித்துத் திரும்பிய இளைஞர் குழுவில் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமும் இருந்தார். ராக்கெட்டைப் பொருத்துவதும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு.

ராக்கெட்டை நகர்த்த அவர்களிடம் இருந்தவை இரண்டே. ஒரு லாரி, கையால் இயக்கும் ஒரு ஹைட்ராலிக் கிரேன். தேவாலயத்திலிருந்து ராக்கெட் லாரியில் வந்து சேர்ந்தது. கிரேன் அதைத் தூக்கி ஏவுமேடையில் வைக்கப் போகும் நேரத்தில், ராக்கெட் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு.

அந்தி வெளிச்சத்தைத் தவறவிட முடியாது. சூரியன் தரையில் மறைந்து, மேல் வானத்தில் மட்டும் ஒளி படும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சோடியம் மேகம் ஒளிர்ந்து தெரியும். அதனால் எல்லாரும் சேர்ந்து கையாலேயே தூக்கி மேடையில் வைத்தார்கள். கலாம் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

இப்போது கணக்கு

அன்று எத்தனை பேர் தூக்கினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. எத்தனை பேர் தேவைப்பட்டிருப்பார்கள் என்பதை நாம் கண்டுபிடிக்கலாம். எண்களை எளிமையாக வைத்துக்கொள்கிறேன். எடையைக் கிலோவிலேயே சொல்கிறேன். நியூட்டனில் வேண்டுமென்றால் 9.8ஆல் பெருக்கிக்கொள்ளுங்க.

ராக்கெட் 700 கிலோ, நீளம் 8 மீட்டர். கிடைமட்டமாக இருக்கிறது. ஒரு குழு வால் நுனியையும் இன்னொரு குழு மூக்கு நுனியையும் பிடிக்கிறது. ஆளுக்கு 35 கிலோ சிரமமில்லாமல் தாங்க முடியும் என்று வைப்போம்.

பலர் உடனே செய்யும் தப்பு, 700ஐ இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி, 350–350 என்று எழுதுவது. ராக்கெட் ஒரே சீரான கம்பி இல்லை. எரிபொருள் நிறைந்த கனமான முதல் கட்டம் வால் பக்கம் இருக்கிறது. அதனால் மொத்த எடையும் ஒரே புள்ளியில் இறங்குவதாகக் கொள்ளும் ஈர்ப்பு மையம் நடுவில் இருக்காது. வாலிலிருந்து 2.4 மீட்டரில் இருப்பதாக வைப்போம்.

முதல் படி: படம் போடுங்க. ராக்கெட்டை மட்டும் ஒரு கோடாக வரைந்து, அதன் மேல் செயல்படும் எல்லா விசைகளையும் அம்புக்குறியாகப் போடுங்க. கீழ்நோக்கி 700, வாலிலிருந்து 2.4 மீட்டரில். மேல்நோக்கி இரண்டு அம்பு, இரண்டு நுனிகளிலும். ஒரு விசையை விட்டுவிட்டாலும் விடை தப்பாகும். இந்தப் படத்தில் சோம்பல் பட்டால் மீதி எல்லாமே வீண்.

இரண்டாம் படி: மேலே போகும் விசையும் கீழே வரும் விசையும் சமம். ஆக, வால் குழுவும் மூக்குக் குழுவும் சேர்ந்து 700 கிலோவைத் தாங்க வேண்டும். இதை வைத்து மட்டும் யாருக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று.

மூன்றாம் படி: திருப்புவிசை. ஒரு விசை எவ்வளவு திருப்பும் என்பது அதன் அளவையும், தாங்குபுள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் வரும். கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்க, அசையாது. கைப்பிடிப் பக்கம் ஒரு விரல் போதும். பொருள் சுழலாமல் நிற்க வேண்டும் என்றால், ஒரு பக்கம் திருப்பும் விளைவும் மறுபக்கம் திருப்பும் விளைவும் சமமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாங்குபுள்ளியை எங்கே வைப்பது என்பது நம் இஷ்டம். தெரியாத விசை எங்கே இருக்கிறதோ அங்கேயே வைத்தால், அதன் தூரம் பூஜ்யம், திருப்பும் விளைவும் பூஜ்யம். கணக்கிலிருந்தே அது காணாமல் போய்விடும். வால் நுனியில் வைப்போம்.

எடை திருப்புவது: 700 × 2.4 = 1680.
மூக்குக் குழு எதிராகத் திருப்புவது: அவர்கள் விசை × 8.
ஆக, மூக்குக் குழு தாங்குவது 1680 ÷ 8 = 210 கிலோ. வால் குழுவுக்கு மிச்சம் 490 கிலோ.

ஆளுக்கு 35 கிலோ என்றால் மூக்குப் பக்கம் 6 பேர், வால் பக்கம் 14 பேர். மொத்தம் 20.

சரிதானா என்று பார்க்க, தாங்குபுள்ளியை மூக்குக்கு மாற்றிப் பாருங்க. 490 × 8 = 3920. எடை மூக்கிலிருந்து 5.6 மீட்டர் தூரத்தில்: 700 × 5.6 = 3920. சரி.

இப்போது அதே 20 பேரைப் பத்து பத்தாக நிறுத்தினால் என்ன ஆகும்? மூக்குப் பக்கத்து ஆள் ஒவ்வொருவரும் 21 கிலோதான் தாங்குவார். வால் பக்கத்து ஆள் ஒவ்வொருவரும் 49 கிலோ தாங்க வேண்டும். பலம் அதேதான், ஆட்களும் அதே பேர்தான். நிற்கும் இடம் தப்பியதால் ஒரு பக்கத்துக்குக் கை கடுத்துப்போகும், வால் சரியும்.

கிரேன் விஷயமும் இதே கணக்குதான். ஒரே கொக்கியில் தொங்கவிட்டு, கொக்கி ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்குப் பக்கமாக வெறும் 10 சென்டிமீட்டர் தள்ளிப்போனது என்று வையுங்க. 700 × 0.1 = 70. இதை ஈடுகட்ட, 5.5 மீட்டர் தள்ளியிருக்கும் மூக்கைச் சுமார் 13 கிலோ விசையோடு யாராவது கீழே அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சாண் அளவுகூட இல்லாத பிசகு அது. தாங்கும் விசை கொஞ்சம் குறைந்தாலோ இடம் மாறினாலோ, இவ்வளவு நீளமான பொருள் ஏன் சட்டென்று சாய்கிறது என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. வாலைக் கீல் போலப் பொருத்தி ராக்கெட்டை நிமிர்த்தும்போது, தூக்க ஆரம்பிக்கும் முதல் நொடிதான் கடினம். கிடைமட்டத்தில் எடை 1680 அளவு திருப்புகிறது. 60 டிகிரிக்கு நிமிர்ந்துவிட்டால் கிடைமட்டத் தூரம் பாதியாகிவிடும், திருப்புவதும் 840தான். தென்னை மரத்தில் ஏணியை நிமிர்த்திச் சாய்த்தவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்.

ஆரஞ்சு மேகம்

அன்று மாலை 6.25க்கு ராக்கெட் கிளம்பியது. சுமார் 200 கிலோமீட்டர் உயரம் வரை போனது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் சோடியம் மேகம் விரிந்தது. அது காற்றில் எப்படி நகர்கிறது என்பதைத் தரையிலிருந்து படம் பிடித்தார்கள்.

அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. வசதி மட்டும் அதே வேகத்தில் வரவில்லை. 1966இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தும்பாவில் எடுத்த படம் ஒன்றை நீங்க பார்த்திருப்பீங்க. சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் மூக்குக் கூம்பு, கூடவே நடக்கும் மனிதர்கள். அதுவும் ஒரு திருப்புவிசைப் படம்தான். பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் கனம் கூடினால் முன்சக்கரம் எழும். ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவரின் கை அழுத்தம்தான் எதிர் எடை.

1967 நவம்பர் 20 அன்று ரோகிணி ஆர்எச்-75 கிளம்பியது. விட்டம் 75 மில்லிமீட்டர்தான், ஆனால் இந்தியாவில் செய்தது. 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி தும்பா ஏவுதளத்தை ஐ.நா. சபைக்கு அர்ப்பணித்தார். 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ பிறந்தது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி அன்றும் இருந்தது. சாராபாயின் நிலைப்பாடு எளிமையானது. நிலவுக்கு ஆள் அனுப்பும் போட்டி நமக்கு வேண்டாம். வானிலை, தகவல் தொடர்பு, கிராமக் கல்வி ஆகியவற்றுக்கு விண்வெளித் தொழில்நுட்பம் உதவ வேண்டும் என்பதே அது. நாசா செயற்கைக்கோள் வழியாக இந்தியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி கொண்டுபோகும் ஒப்பந்தம் 1969இல் கையெழுத்தானது. 1975–76இல் சுமார் 2,400 கிராமங்களில் அது நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஒருவர் மேல் எத்தனை சுமை?

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தார். அணுசக்தி ஆணையத் தலைவர் பொறுப்பும் சாராபாயிடம் வந்தது. விண்வெளித் திட்டம் ஏற்கெனவே அவர் கையில். பிஆர்எல், அகமதாபாத் ஐஐஎம், ஜவுளி ஆராய்ச்சி நிலையம் என அவர் உருவாக்கிய, உருவாக்க உதவிய நிறுவனங்கள் வேறு. அகமதாபாத், மும்பை, டெல்லி, திருவனந்தபுரம் என்று ஓடிக்கொண்டே இருந்தார்.

1971 டிசம்பர் கடைசி வாரம் தும்பா வேலைகளைப் பார்க்க வந்தார். தங்கியது கோவளம் ஹால்சியன் கோட்டையில். டிசம்பர் 30 அன்று கலாம் டெல்லியிலிருந்து தொலைபேசியில் பேசினார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. கலாமின் விமானம் தரையிறங்கியபோது சாராபாயின் மரணச் செய்தி காத்திருந்தது. வயது 52.

அவருக்குப் பின் சுமை பிரிந்தது. அணுசக்தி ஹோமி சேத்னாவிடம் போனது. விண்வெளி சதீஷ் தவனிடம் வந்தது. ஒருவர் தாங்கியதை இருவர் தாங்கினார்கள். இதை முன்பே செய்திருக்கலாமே என்று இன்று சொல்வது சுலபம்தான். ஆனால் ஒரே புள்ளியில் எல்லாப் பாரத்தையும் இறக்கினால் என்ன ஆகும் என்பது அந்தக் காலத்து டெல்லிக்கும் தெரியாத விஷயமாக இருந்திருக்க முடியாது.

விட்டுப்போகக் கூடாத விசை

முதல் படியில் சொன்னது நினைவிருக்கிறதா? படத்தில் ஒரு விசையை விட்டாலும் விடை தப்பாகும்.

தும்பாவின் கதையைச் சொல்லும்போது விஞ்ஞானிகளைச் சொல்கிறோம், நாசாவைச் சொல்கிறோம், சைக்கிளைச் சொல்கிறோம். ஊரையும் கோயிலையும் விட்டுக்கொடுத்த மீனவக் குடும்பங்களைத் தேவாலயக் கதையின் ஓர் ஓரத்தில் நிறுத்திவிடுகிறோம். கடலை நம்பி வாழ்பவர்களுக்குக் கரையில் எந்த இடம் என்பது முகவரி மட்டும் இல்லை. வள்ளம் இறக்கும் துறை, வலை காயும் மணல், சந்தைக்குப் போகும் பாதை எல்லாமே அதில் இருக்கிறது. அந்த ராக்கெட்டைத் தாங்கிய கைகளில் அவர்களுடையதும் உண்டு. சமன்பாட்டில் அதற்கு ஓர் அம்பு போட்டே ஆக வேண்டும்.

நிலவில் நான்கு கால்கள்

தும்பாவை அடுத்த வேளியில் இருந்த விண்வெளி மையத்துக்கு 1972இல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் என்று பெயர் வைத்தார்கள். பழைய தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். திருவனந்தபுரம் போனால் பார்த்துவிட்டு வாங்க.

நிலவில் இறங்கும் கலத்துக்கும் அவர் பெயர்தான். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் தரையில் மோதி உடைந்தது. சந்திரயான்-3க்காக அதன் கால்களைப் பலப்படுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை அது நிலவின் தென் துருவப் பகுதியில் இறங்கி நின்றது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். சரிவான தரையில் இறங்கும் ஒரு கலம் கவிழாமல் இருக்க என்ன வேண்டும்? ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால், அது நான்கு பாதங்களுக்கு உள்ளே விழ வேண்டும். கோடு உள்ளே இருக்கும் வரை, எடையின் திருப்புவிசை கலத்தைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். வெளியே போய்விட்டால் அதே திருப்புவிசை அதைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் கால்கள் அகலமாக விரிந்திருக்கின்றன.

நிலவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். அப்படியானால் அங்கே கலம் கவிழும் கோணம் மாறுமா, மாறாதா? படம் போட்டுப் பாருங்க. எல்லா அம்புகளையும் மறக்காமல் போடுங்க.